காரில் ஜிபிஎஸ்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது, எப்போது நம்பாமல் இருப்பது

கார் வாங்கிய கையோடு பலருக்கும் வரும் சந்தேகம்: வழி காட்டத் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, கையில் இருக்கும் போனே போதுமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள்ளும் பக்கத்து மாநிலங்களிலும் ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்குப் போனே போதும், கூடவே ஒரு நல்ல ஹோல்டரும் நல்ல சார்ஜரும் இருந்தால். ஆனால் எந்தக் கருவி என்பது பாதிக் கதைகூட இல்லை. ஒரே மாதிரி போனை வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்கிறார், இன்னொருவர் வயல் வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால், வண்டியைக் கிளப்பும் முன் ஐந்து நிமிடம் மேப்பை ஒழுங்காகப் பார்த்தாரா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதனால் வாங்குவதைவிடப் பயன்படுத்துவதைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன்.

கொஞ்சம் அடிப்படை

"நெட் இல்லை, அதனால் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று அடிக்கடி கேட்கிறோம். அது சரியல்ல. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் அதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான், திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அது கணக்குப் போட்டுவிடும். இதற்கு சிம் தேவையில்லை, நெட்டும் தேவையில்லை. நெட் தேவைப்படுவது மேப் படத்தை இறக்கவும், போக்குவரத்து நெரிசலைக் காட்டவும், தேடிய இடத்தைக் கண்டுபிடிக்கவும்தான். புள்ளி சரியாக நகர்கிறது, ஆனால் சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம் என்றால் ஜிபிஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது, மேப்தான் இல்லை என்று அர்த்தம்.

நெட்டால் இன்னொரு உதவியும் உண்டு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை வானத்திலிருந்தே வாங்குவதற்கு அரை நிமிடமாவது ஆகும், பல நாள் அணைத்து வைத்த கருவி என்றால் இன்னும் அதிகம். போன் அதை நெட்டிலிருந்து ஒரு நொடியில் எடுத்துக்கொள்கிறது. நெட் இல்லாத மலையில் போனை அணைத்துவிட்டுப் போட்டால் புள்ளி வர நேரமாவது இதனால்தான். வெட்டவெளியில் வண்டியை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் வந்துவிடும்.

ஜிபிஎஸ் போலவே இடத்தைக் காட்டும் நம் இஸ்ரோவின் நாவிக்கைப் பற்றியும் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் போனது, மொத்தம் 7 என்பது திட்டம். சிலவற்றில் அணுக்கடிகாரம் பழுதானது, அதன் பிறகு அடுத்த தலைமுறையின் முதல் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, 2023 மே 29 அன்று ஏவப்பட்டது. அதில்தான் சாதாரண போன்கள் பயன்படுத்தும் எல்1 அலைவரிசை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நாவிக் இருக்கிறது என்பதற்காக மட்டும் போனை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் புதுப் போன் வாங்கும் நேரம் வந்தால், எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் 'டூயல் பிரீக்வன்சி' ஜிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிற தொல்லை அதில் குறையும்.

எதை வாங்குவது

கையில் இருக்கும் போன். மேப் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது, நெரிசல் தெரிகிறது, செலவு இல்லை. குறை என்னவென்றால், நடுவில் அழைப்பு வரும், வெயிலில் சூடாகும், பேட்டரி தீரும். இவற்றுக்குத் தீர்வு கீழே வருகிறது.

காரோடு வரும் திரை. உங்கள் காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்ப்ளேயோ இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதுதான் இருப்பதிலேயே வசதி. போனில் இருக்கும் மேப் பெரிய திரையில் வரும், போன் பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கும். ஒயர் வைத்து இணைப்பதாக இருந்தால் நல்ல டேட்டா கேபிள் போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது இணையவே இணையாது, பலர் காரில்தான் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போய் நிற்கிறார்கள். சில கார்களில் கம்பெனியே தன் மேப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்கும். அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு, சக்கரம் சுற்றும் வேகத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்வதால் சுரங்கத்துக்குள் போனாலும் புள்ளி நிற்காமல் நகரும். ஆனால் அந்த மேப் எந்த வருடத்தது, புதுப்பிக்கப் பணம் கேட்பார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நேவிகேஷனுக்காக மட்டும் டாப் வேரியன்டுக்குப் போவது வீண் செலவு.

தனி ஜிபிஎஸ் கருவி, அதாவது கார்மின் மாதிரியானவை. ஒரு காலத்தில் இவைதான் எல்லாம், இப்போது நம் ஊரில் பார்ப்பதே அரிது. ஆனாலும் சிலருக்கு இது சரிப்படும். சிக்னலே இல்லாத காட்டுப் பாதைகளில் அடிக்கடி போகிறவர்கள், வேலைக்காகப் போனை எப்போதும் பேச்சுக்கு வைத்திருக்க வேண்டியவர்கள், வெயிலில் போன் அணைந்துபோகிற தொல்லையே வேண்டாம் என்பவர்கள். வாங்குவதாக இருந்தால் இந்திய மேப் உள்ளே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கிற கருவியில் பெரும்பாலும் அந்த ஊர் மேப்தான் இருக்கும், இந்திய மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும். 'லைஃப்டைம் மேப் அப்டேட்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது உங்கள் ஆயுளும் அல்ல, காரின் ஆயுளும் அல்ல, அந்த மாடலுக்குக் கம்பெனி ஆதரவு தரும் வரை மட்டும்தான்.

கடையில் வெறுமனே "ஜிபிஎஸ் வேணும்" என்று கேட்காதீர்கள். கார் அலங்காரக் கடைகளில் அப்படிக் கேட்டால் டிராக்கரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்குச் சொல்லும் கருவி அது. டாக்சி, பஸ் போன்றவற்றில் சட்டப்படி பொருத்தச் சொல்கிறார்களே, அந்த வகை. அது உங்களுக்கு வழி காட்டாது.

அடுத்தது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பழைய காரில் மியூசிக் சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு 9 அங்குல, 10 அங்குலத் திரையைப் போடுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இங்கேதான். அட்டையில் எழுதியிருக்கும் ராம், மெமரி அளவை அப்படியே நம்பாதீர்கள், செட்டிங்ஸில் காட்டும் எண்ணையே மாற்றி வைத்து விற்கும் பெயர் தெரியாத பிராண்டுகள் உண்டு. 2 ஜிபி ராம் என்றால் மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது திணறும், 4 ஜிபிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. கடையிலேயே மேப்பைத் திறந்து, பெரிதாக்கிச் சிறிதாக்கி, கூடவே ஒரு பாட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். திக்கினால் நடுரோட்டில் இன்னும் மோசமாகத் திக்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யும் ஸ்டீரியோவாக இருந்தால் இந்தக் கவலையே பாதி குறைந்துவிடும், ஏனென்றால் மேப் ஓடுவது உங்கள் போனில்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஆன்டெனா. ஸ்டீரியோவோடு தீப்பெட்டி அளவில், அடியில் காந்தத்தோடு, நீள ஒயருடன் ஒரு கறுப்புப் பெட்டி வரும். ஜிபிஎஸ் சிக்னலை வாங்குவதே அதுதான். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைக்கும் ஆள் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே, இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் சுருட்டித் திணித்துவிடுவார். அப்புறம் "ஜிபிஎஸ் சரியாவே காட்டல" என்று வருடக்கணக்கில் புலம்ப வேண்டியதுதான். பக்கத்திலேயே நின்று, டேஷ்போர்டின் மேல் பக்கம், முன்கண்ணாடிக்கு அடியில், வானம் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். மேலே பிளாஸ்டிக் இருந்தால் பரவாயில்லை, இரும்பு இருக்கக்கூடாது. கூடவே ஒயரை வெட்டி ஒட்டாமல் உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள், வெட்டினால் வாரன்டியில் பிரச்சினை வரலாம்.

பொருத்துவது

ஹோல்டர் எங்கே என்பதற்கு ஒரே விதி: கண்ணை ரோட்டிலிருந்து அதிகம் நகர்த்தாமல் பார்க்க முடிய வேண்டும், ஆனால் ரோட்டை மறைக்கக்கூடாது. ஏர்பேக் திறக்கும் இடத்திலும் வைக்கக்கூடாது. முன்கண்ணாடியில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் வகை நம் வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தானாகக் கழன்று விழும், அதுவும் சரியாக நீங்கள் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது. ஏசி வென்ட்டில் மாட்டும் வகை எனக்குப் பிடித்தது, காரணம் எளிது, குளிர்காற்று போனின் முதுகில் படும். ஜிபிஎஸ், திரை வெளிச்சம், சார்ஜ் மூன்றும் சேர்ந்தால் போன் கொதிக்கும், ஒரு கட்டத்தில் திரையை மங்கலாக்கும், அப்புறம் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்தே போகும். மே மாதத்தில் டேஷ்போர்டு மேல் வெயில் படும்படி வைத்தால் இது நிச்சயம். ஆனால் கனமான போன் என்றால் வென்ட்டின் மெல்லிய பட்டி உடையும், அடியில் முட்டுக்கொடுக்கும் கால் உள்ள ஹோல்டராகப் பாருங்கள்.

காந்த ஹோல்டர் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கும் என்று ஒரு பயம் உண்டு. செயற்கைக்கோள் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. போனின் திசைகாட்டி மட்டும் குழம்பும், வண்டி நகர ஆரம்பித்ததும் அதுவும் சரியாகிவிடும். கண்ணாடியில் உலோகப் படலம் உள்ள வெப்பத்தடுப்பு பிலிமோ பூச்சோ இருந்தால் அதுதான் சிக்னலைத் தடுக்கும்.

சார்ஜருக்குக் காசு பார்க்காதீர்கள். 18 வாட்டாவது வேண்டும், இல்லையென்றால் கேபிள் செருகியிருந்தும் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். மலிவு சார்ஜர்களும் டேஷ்கேம்களும் மின்காந்த இரைச்சலைக் கிளப்பும். அதைச் செருகினால் எஃப்எம் கரகரக்கிறது என்றால், ஜிபிஎஸ்ஸும் அதனால் தடுமாறலாம், மாற்றிவிடுங்கள்.

கிளம்பும் முன்

வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, கேட்டைத் தாண்டியபின் ஊர்ப்பெயரைத் தட்டுவதுதான் நம்மில் பலருடைய பழக்கம். அதை விட்டுவிட்டாலே பாதித் தொல்லை போய்விடும். வீட்டுக்குள் உட்கார்ந்து, வைஃபையில், இதைச் செய்யுங்கள்.

முதலில் போகும் இடம் அதுதானா என்று பாருங்கள். நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை ஊர்! குருபகவானைப் பார்க்க ஆலங்குடி போகிறவர் போக வேண்டியது கும்பகோணத்துக்குத் தெற்கே திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஆலங்குடிக்கு, புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. திருப்பத்தூர் என்றால் வேலூரிலிருந்து 2019-இல் பிரிந்த மாவட்டத் தலைநகரமா, சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரா? ஆங்கிலத்தில் தட்டினால் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள பிரம்மபுரீஸ்வரர் கோயில் ஊரான திருப்பட்டூரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். புதூர், புதுப்பட்டி, காட்டூர் எல்லாம் கணக்கே இல்லை. எனவே பெயரோடு தாலுகா அல்லது மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்கள், வந்த தூரத்தைப் பார்த்து "இவ்வளவு தூரமா வரும்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபம், கிராமத்து வீடு, குலதெய்வக் கோயில் போன்றவற்றுக்குப் பெயரை நம்பவே வேண்டாம், அங்கே இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்குங்கள். அவர் அந்த இடத்தில் இருந்துகொண்டு அனுப்புகிறாரா என்பதும் முக்கியம். கல்யாண வீட்டுக்காரர் சத்திரத்துக்கு வழி கேட்டவருக்குத் தன் வீட்டிலிருந்து 'கரன்ட் லொகேஷன்' அனுப்புவது நடக்கிறதுதான்.

அடுத்து, வண்டி வகை. கூகுள் மேப்பில் டூவீலர் மோடு என்று ஒன்று 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே வந்தது. நேற்று பைக்கில் போக அதை வைத்துவிட்டு இன்று காரில் மாற்ற மறந்தால், கார் நுழையவே முடியாத சந்தில் கொண்டுபோய் விடும். வாரத்தில் பாதி நாள் பைக், பாதி நாள் கார் என்று ஓட்டுகிறவர்கள் கார் படம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான படி: பாதையைப் படிப்பது. 'ஸ்டார்ட்' அமுக்குவதற்கு முன் விரலால் மேப்பை நகர்த்தி, முழுப் பாதையையும் ஒரு முறை பின்தொடருங்கள். எந்த ஊர்கள் வழியாகப் போகிறது, எங்கே பைபாஸ், எங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிறது. மெல்லிய கோட்டில் வளைந்து நெளிந்து போகிற பகுதி வந்தால் பெரிதாக்கி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். தார் ரோடா, வாய்க்கால் கரையா, ஆற்றில் இறங்கும் தரைப்பாலமா என்று தெரிந்துவிடும். மேப் தேடுவது குறைந்த நேரத்தை. நாலு நிமிடம் மிச்சமாகும் என்றால் நல்ல ரோட்டை விட்டுவிட்டு ஒற்றையடி ரோட்டில் தள்ள அதற்குத் தயக்கமே கிடையாது. எதிரில் பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது என்ற கவலை உங்களுடையது.

உங்களுக்குப் பிடித்த பாதை வேறு என்றால் நடுவில் ஓர் ஊரை 'ஸ்டாப்' ஆகச் சேர்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு விக்கிரவாண்டி, கும்பகோணம் வழியும் உண்டு, திருச்சி வழியும் உண்டு. முன்னதில் நான்குவழிச் சாலை வேலை பல வருடம் இழுத்தது எல்லோருக்கும் தெரியும், அந்த நாட்களில் தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று திருச்சியை நடுவில் வைத்துக்கொண்டு போனவர்கள் நிறைய. 'டோல் தவிர்க்கவும்' என்ற வசதியைப் போட்டுவிட்டு மறப்பதும் ஆபத்து, நூறு ரூபாயை மிச்சப்படுத்த முப்பது கிராமங்களின் வேகத்தடைகளில் ஏறி இறங்க வேண்டிவரும். சில பாதைகளுக்குப் பக்கத்தில் இலைச் சின்னம் இருக்கும், அது எரிபொருள் குறைவாகச் செலவாகும் பாதை, வேகமான பாதை என்று பொருளல்ல.

நெடுஞ்சாலை எண்கள் இன்னும் பலரைக் குழப்புகின்றன. 2010-இல் எண்களை மாற்றினார்கள். சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய என்எச் 7 இப்போது 44, சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் பழைய 47 இப்போது 544, சென்னை - பெங்களூரு பழைய 4 இப்போது 48. மேப் புது எண்ணைச் சொல்லும், டீக்கடைக்காரர் பழைய எண்ணைச் சொல்வார், இரண்டும் ஒரே ரோடுதான்.

கடைசியாக ஆஃப்லைன் மேப். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தட்டினால் 'ஆஃப்லைன் மேப்ஸ்' இருக்கும், பெட்டியை நகர்த்திப் போகும் வழி முழுவதையும் அடக்கி இறக்கிக்கொள்ளுங்கள். மலைக்குப் போவதாக இருந்தால் இது கட்டாயம். நெட் இல்லாதபோது நெரிசலும் மாற்றுப் பாதையும் தெரியாது, வழி மட்டும் வரும், அது போதும். இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, அவ்வப்போது புதுப்பியுங்கள். இரண்டாவதாக இன்னொரு செயலியும் போனில் இருப்பது நல்லது. முழுக்க ஆஃப்லைனில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் எடை குறைவானது. மேப்மைஇந்தியாவின் மேப்பல்ஸ் நம் நாட்டுச் செயலி, பெரிய சந்திப்புகளிலும் மேம்பாலங்களிலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படமாகவே காட்டுவது அதன் பலம்.

ஓட்டும்போது

கிளம்பியதும் "வடகிழக்கு நோக்கிச் செல்லவும்" என்று சொல்லி உங்களைத் திகைக்க வைக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, நகர்ந்தால்தான் திசை தெரியும். மெதுவாகச் சில மீட்டர் நகருங்கள், அம்பு தானாகத் திரும்பிக்கொள்ளும். முதல் திருப்பத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

குரலை நம்புங்கள், திரையை அவ்வளவாக வேண்டாம். கூகுள் மேப்பில் தமிழ்க் குரலே வைத்துக்கொள்ளலாம், ஊர்ப்பெயர்களைச் சில நேரம் விநோதமாகக் கடித்துத் துப்பும், பழகிவிடும். பாட்டின் சத்தத்தில் குரல் அமுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று கேட்ட பிறகு உங்களிடம் இருப்பது 9 நொடி. திரையில் அம்பு எப்போதும் ஒரு நொடி பின்தங்கியே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே முதல் அறிவிப்பு வந்தவுடனேயே இன்டிகேட்டர் போட்டு ஓரம் வந்துவிட வேண்டும். திருப்பத்தை விட்டுவிட்டால் விட்டதுதான், நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுப்பதும் எதிர்த்திசையில் வருவதும் உயிரோடு விளையாடுவது. அடுத்த யு டர்ன் வரை போங்கள், மேப் புதுப் பாதை போட்டுக் கொடுக்கும்.

மேம்பாலம்தான் பெரிய தலைவலி. நீங்கள் மேலே போகிறீர்களா, அடியில் சர்வீஸ் ரோட்டில் போகிறீர்களா என்பதை ஜிபிஎஸ்ஸால் சரியாகச் சொல்ல முடிவதில்லை, இரண்டுக்கும் இடையே சில மீட்டர்தான் தூரம். 2024 ஜூலையில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கூகுள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதோடு சென்னை, கோவை உட்பட 8 நகரங்களில் குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியும் வந்தது. உதவியாகத்தான் இருக்கிறது, ஆனால் சென்னையின் கத்திப்பாரா மாதிரி நாலாபக்கமும் சுற்றி இறங்கும் இடத்தில் தலைக்கு மேலே இருக்கும் பச்சைப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். பலகையும் மேப்பும் வேறு வேறு சொன்னால் பலகை சொல்வதே சரி.

போகும் வழியில் "இதைவிட வேகமான பாதை இருக்கிறது" என்று ஓர் அறிவிப்பு வரும், நீங்கள் கவனிக்காவிட்டால் சில நேரம் தானே மாறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்து வேண்டாம் என்று தட்டுவதுதான் நல்லது. சொல்லப்போனால் மேப் பார்க்கும் வேலையையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி கைக்கருவியைப் பயன்படுத்தலாம். ஓட்டிக்கொண்டே ஊர்ப்பெயரைத் தட்டுவது அதில் அடங்காது.

சிக்னல் போனால் பதற வேண்டாம். கேரளத்தில் குதிரான் சுரங்கம் மாதிரி இடங்களில் புள்ளி நின்றுவிடும், வெளியே வந்ததும் பிடித்துக்கொள்ளும். மாலின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போதும் இப்படித்தான், தெருவுக்கு வந்து அரை நிமிடம் கழித்து வரும் வழியை மட்டும் நம்புங்கள்.

மேப்புக்குத் தெரியாதவை

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து கர்நாடகம் திரும்பிய சுற்றுலாப் பயணிகளின் கார், மேப் காட்டிய 'வேகமான' வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊர்க்காரர்களும் காவலர்களும் சேர்ந்து காரை மீட்டார்கள். அதே வருடம் நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தில் மேப்பை நம்பி ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். தடுப்பு வைக்காதது அதிகாரிகளின் குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இரவில், ஆள் நடமாட்டமில்லாத புது ரோட்டில், முன்னால் வேறு வண்டியின் விளக்கே தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நெரிசல் விவரம் வருவதே மற்றவர்களுடைய போன்களின் நகர்விலிருந்துதான். ஒருவரும் போகாத ரோட்டைப் பற்றி மேப்புக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வழியில்லை.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தரைப்பாலங்களும் ரயில்வே சுரங்கப்பாதைகளும் தண்ணீரில் மூழ்கும். மேப் பாட்டுக்கு நேராகப் போகச் சொல்லும். தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்று தெரியாமல் வண்டியை இறக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் "அண்ணே, இந்தப் பக்கம் கார் போகுமா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். 'கார்' என்பதைச் சேர்த்துக் கேளுங்கள், வெறும் "வழி இருக்கா" என்றால் பைக்கை மனதில் வைத்துக்கொண்டு "இருக்குங்க" என்று சொல்லிவிடுவார்.

மலைப்பாதை விஷயத்தில் மேப் காட்டுவதைவிடக் காட்டாததே அதிகம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, மேப் அதைக் கேட்காது, செக்போஸ்ட்டில் கேட்பார்கள். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், எட்டேமுக்காலுக்குப் போய்ச் சேருவேன் என்று மேப்பின் நேரத்தை நம்பிக் கிளம்பினால் செக்போஸ்ட்டுக்கு வெளியே விடிய விடிய உட்கார வேண்டியதுதான். சத்தியமங்கலத்துத் திம்பம் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஆகக் குறைந்த தூரம் என்று 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையைத்தான் காட்டும். அந்தச் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கவிழ்ந்த வண்டிகள் ஏராளம், வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. கூடலூர் வழியே சுற்றிப் போங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் மேப் சொல்லும் நேரத்தில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள், பஸ்ஸும் லாரியும் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. மலையில் எவ்வளவு காட்டினாலும் அரைமணி நேரமாவது கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டும் முன் ஏறி முடிக்கப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு சின்ன வேலை

தவறான வழி காட்டிய இடத்தை அன்று இரவே மேப்பில் திருத்தம் போடுங்கள். மேப்பில் அந்த ரோட்டை அமுக்கிப் பிடித்தால் திருத்தம் அனுப்பும் வசதி வரும். மூடிய ரோடு, ஒருவழி, பெயர் பிழை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஒப்புக்கொள்ள நாளாகலாம், ஆனால் குலதெய்வக் கோயிலுக்கான இடக்குறியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குத்தியிருந்தால் அதைச் சரிசெய்ய உங்கள் பங்காளிகளை விட்டால் வேறு யார் வரப்போகிறார்கள்?

காரை விற்கும்போது திரையில் சேமித்த வீட்டு முகவரி, அலுவலகம், போன ஊர்களின் பட்டியல், புளூடூத்தில் இறங்கிய போன் நம்பர்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆர்சி மாற்றக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே ஸ்டீரியோவின் செட்டிங்ஸில் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிட்டு, உங்கள் கூகுள் கணக்கு அதிலிருந்து வெளியேறிவிட்டதா என்று போனிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.